பங்கு போட முடியாத எண்!

காகிதத்தில் கணக்குப் போட்டே கண்டுபிடித்த 39 இலக்க அதிசயம்

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் போகும் சாலையில் திருபுவனை என்ற ஊர் இருக்கிறது. அங்கே உள்ள வரதராசப் பெருமாள் கோயில் சோழர் காலத்துக் கோயில். அதன் கல்வெட்டுகளில் ஒன்று 1048-ம் ஆண்டைச் சேர்ந்தது. அப்போது சோழ நாட்டை ஆண்டவன் முதலாம் இராசாதிராசன்.

திருபுவனையில் அந்தக் காலத்தில் ஒரு பெரிய கல்விச்சாலை நடந்தது என்று அந்தக் கல்வெட்டு சொல்லுகிறது. அதில் படித்த மாணவர்கள் 260 பேர். சொல்லிக் கொடுத்த ஆசிரியர்கள் 12 பேர்.

இந்த 260 மாணவர்களையும் பந்தியில் உட்கார வைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரிசையிலும் ஆட்கள் சமமாக இருக்கவேண்டும். அது சுலபம். வரிசைக்கு 10 பேர் என்றால் 26 வரிசை. வரிசைக்கு 13 பேர் என்றால் 20 வரிசை. வரிசைக்கு 65 பேர் என்றால் 4 வரிசை. எப்படி வேண்டுமானாலும் உட்கார வைக்கலாம்.

ஒரு நாள் மூன்று பேர் வரவில்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள். மீதி 257 பேர்.

இப்போது சமமான வரிசை போட்டுப் பாருங்கள். வரிசைக்கு 10 பேர் என்றால் 7 பேர் மிஞ்சுகிறார்கள். வரிசைக்கு 13 பேர் என்றால் 10 பேர் மிஞ்சுகிறார்கள். வரிசைக்கு 16 பேர் என்றால் ஒரே ஒருவர் மிஞ்சி நிற்கிறார். எந்தக் கணக்குப் போட்டாலும் யாராவது வெளியே நிற்கவேண்டியதுதான். 257 பேரையும் ஒரே நீள வரிசையில் உட்கார வைத்தால்தான் உண்டு!

257-ஐ ஒன்றாலும் அதே எண்ணாலும் அன்றி வேறு எந்த எண்ணாலும் மீதியில்லாமல் வகுக்க முடியாது. இப்படிப் பங்குக்கு வராத எண்களுக்குப் "பகா எண்" என்று பெயர். 2, 3, 5, 7, 11, 13 ஆகியவை சிறிய பகா எண்கள். பங்குக்கு வரும் எண் "பகு எண்". 260 பகு எண். 257 பகா எண்.

சிறிய எண் என்றால் வகுத்துப் பார்த்துச் சொல்லிவிடலாம். எண் பெரிதாக இருந்தால்?

இதோ ஓர் எண்:

170,141,183,460,469,231,731,687,303,715,884,105,727

எண்ணிப் பாருங்கள், 39 இலக்கம் இருக்கும். இதுவும் ஒரு பகா எண். இதை 1876-ம் ஆண்டில் ஒருவர் காகிதத்தில் கணக்குப் போட்டே காட்டினார். எந்த இயந்திரமும் உதவவில்லை. அவர் பெயர் எதுவார் லூக்கா. புதுச்சேரி அப்போது பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. லூக்காவும் பிரெஞ்சுக்காரர்தான்.

காசிக் கோபுரம்

லூக்கா பாரிஸ் நகரப் பள்ளிகளில் கணித ஆசிரியராக இருந்தவர். 1870-ம் ஆண்டில் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் நடந்த போரில் பீரங்கிப் படை அதிகாரியாக இருந்தார். கணக்கை விளையாட்டாகச் சொல்லிக் கொடுப்பதில் அவருக்கு ஆசை அதிகம்.

1883-ம் ஆண்டில் அவர் ஒரு விளையாட்டுச் சாமானை வெளியிட்டார். அதற்கு "ஹனாய் கோபுரம்" என்று பெயர். ஹனாய், இந்தோசீனத்தில் உள்ள நகரம். சைகோனுக்குப் போய் வேலை பார்த்த புதுச்சேரிக் குடும்பங்களுக்கு அந்த நாடு புதிதல்ல.

ஒரு பலகையில் மூன்று கம்புகள். முதல் கம்பில் வட்டத் தட்டுகள், பெரியது அடியிலும் சிறியது மேலேயுமாக அடுக்கியிருக்கும். அத்தனையையும் வேறொரு கம்புக்கு மாற்றவேண்டும். ஒரு தடவைக்கு ஒரு தட்டைத்தான் எடுக்கலாம். சிறிய தட்டின் மேல் பெரிய தட்டை வைக்கக்கூடாது.

காசியில் உள்ள ஒரு கோயிலில் 64 தங்கத் தட்டுகள் இருப்பதாகவும், பூசாரிகள் இரவு பகலாக அவற்றை மாற்றிக்கொண்டிருப்பதாகவும், மாற்றி முடித்த அன்று உலகம் அழிந்துவிடும் என்றும் இந்த விளையாட்டைப் பற்றி ஒரு கதை கட்டினார்கள். அது வெறும் கட்டுக்கதை. ஆனால் அதில் உள்ள கணக்கு உண்மை.

ஒரு தட்டு என்றால் 1 தடவை மாற்றினால் போதும். இரண்டு தட்டு என்றால் 3 தடவை. மூன்று தட்டு என்றால் 7 தடவை. எப்படி? மேலே உள்ள இரண்டையும் ஒதுக்க 3 தடவை. அடித்தட்டை மாற்ற 1 தடவை. அந்த இரண்டையும் மறுபடி அதன்மேல் ஏற்ற 3 தடவை. ஆக 7. இப்படியே நான்கு தட்டுக்கு 15, ஐந்துக்கு 31, ஆறுக்கு 63, ஏழுக்கு 127.

இந்த எண்களைச் சீக்கிரம் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. எத்தனை தட்டோ அத்தனை இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, ஒன்றைக் கழித்துவிடவேண்டும். மூன்று தட்டு என்றால் 2 x 2 x 2 = 8. அதில் ஒன்று போனால் 7.

சரி, 127 தட்டு இருந்தால்? 127 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவதுதான் மேலே கண்ட 39 இலக்க எண்!

பாதிரியார் போட்ட பட்டியல்

இந்தக் கோபுர எண்களில் சில பகா எண்கள்; சில பகு எண்கள். 3, 7, 31, 127 ஆகியவை பகா எண்கள். 15, 63 ஆகியவை பகு எண்கள். தட்டுகளின் எண்ணிக்கை பகு எண்ணாக இருந்தால், கோபுர எண்ணும் பகு எண்ணாகவே இருக்கும்.

அப்படியானால், தட்டுகளின் எண்ணிக்கை பகா எண்ணாக இருந்தால் கோபுர எண்ணும் பகா எண்ணாக இருக்குமா? இருக்கலாம் என்றுதான் தோன்றும். ஆனால் 11 தட்டு வந்தவுடன் அந்த எண்ணம் உடைந்துவிடுகிறது. 11 தட்டுக்கு 2,047 தடவை. 23-ஐ 89-ஆல் பெருக்கினால் 2,047. ஆகவே அது பகு எண்!

எந்தெந்த எண்ணுக்குப் பகா எண் வரும்? இந்தக் கேள்வியில் இறங்கியவர் மரேன் மெர்சேன். பாரிஸ் நகரில் வாழ்ந்த துறவி. 1588-ல் பிறந்து 1648-ல் இறந்தவர். ஐரோப்பாவின் பெரிய அறிஞர்கள் எல்லாரும் அவருக்குக் கடிதம் எழுதினார்கள். ஒருவர் கண்டதை மற்றவருக்குத் தெரிவிக்கும் தபால் நிலையம் போல அவர் இருந்தார்.

1644-ம் ஆண்டில் மெர்சேன் ஒரு பட்டியல் வெளியிட்டார். 257 வரையில் பார்த்தால், 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகிய 11 எண்களுக்குத்தான் பகா எண் வரும் என்று அதில் எழுதினார்.

திருபுவனைப் பந்தியில் கண்ட 257 இங்கேயும் வந்துவிட்டது, பார்த்தீர்களா!

பட்டியல் போட்டவர் பெரிய மனிதர். பெருக்கி வகுத்துப் பார்க்கவோ எவராலும் முடியவில்லை. ஆகவே அந்தப் பட்டியல் புத்தகம் புத்தகமாக ஏறியது. மெர்சேன் சொன்ன 31 சரிதான் என்று ஆய்லர் என்ற கணித மேதை 1772-ல் காட்டினார். அதற்கு மேல் ஒரு நூறாண்டு எவராலும் அந்தப் பட்டியலைத் தாண்டிப் போக முடியவில்லை.

ஏன் முடியவில்லை?

257 பகா எண்ணா என்று பார்க்க 16 வரை வகுத்துப் பார்த்தால் போதும். 17-ஐ 17-ஆல் பெருக்கினால் 289. அது 257-ஐத் தாண்டிவிடுகிறது. ஒரு பங்கு 17-க்கு மேல் இருந்தால் மற்றப் பங்கு 17-க்குக் கீழே இருந்தாகவேண்டும். அதை முன்பே பார்த்திருப்போம்.

39 இலக்க எண்ணுக்கு இந்த முறையில் வகுத்துக்கொண்டே போனால், 20 இலக்கமுள்ள எண் வரையில் போகவேண்டும். ஒரு நொடிக்கு ஒரு வகுத்தல் வீதம் தூங்காமல் போட்டாலும் சுமார் 40,000 கோடி ஆண்டு ஆகும். இந்தப் பிரபஞ்சத்தின் வயதே சுமார் 1,380 கோடி ஆண்டுதான்!

ஒரு குறுக்கு வழி உண்டு. இந்த எண்ணை வகுக்கக்கூடிய எண் ஏதாவது இருந்தால், அதை 254-ஆல் வகுக்கும்போது 1 மீதி வரவேண்டும். 254 என்பது 127-ன் இரண்டு மடங்கு. 11 தட்டுக் கணக்கில் இதைச் சரிபார்க்கலாம். 11-ன் இரண்டு மடங்கு 22. 23-ஐ 22-ஆல் வகுத்தால் மீதி 1. 89-ஐ 22-ஆல் வகுத்தாலும் மீதி 1.

இந்தக் குறுக்கு வழியில் போனாலும் 160 கோடி ஆண்டுக்குக் குறையாமல் ஆகும். எந்த மனிதனால் முடியும்?

வகுக்காமலே சோதனை

லூக்கா இங்கேதான் தம் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டினார். பங்கு கிடைக்கிறதா என்று தேடுவதையே அவர் விட்டுவிட்டார். எண்ணையே சாட்சி சொல்ல வைக்கும் ஒரு சோதனையைக் கண்டுபிடித்தார். அதை 1930-ம் ஆண்டில் அமெரிக்கக் கணித அறிஞர் லேமர் இன்னும் எளிதாக்கினார். பள்ளிப் பிள்ளைகளும் செய்யக்கூடிய சோதனை அது.

4-ல் தொடங்குங்கள். அதை அதனாலேயே பெருக்கி, 2-ஐக் கழியுங்கள். சோதிக்கும் எண்ணைவிடப் பெரிதாகப் போனால், அந்த எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இது ஒரு படி. தட்டுகளின் எண்ணிக்கையில் இரண்டு குறைத்தால் எத்தனையோ அத்தனை படி போகவேண்டும். கடைசியில் மீதி பூஜ்யம் என்றால் பகா எண். வேறு எது வந்தாலும் பகு எண். அவ்வளவுதான்!

31-ஐச் சோதிப்போம். அது ஐந்து தட்டு எண். ஆகவே மூன்று படி.

முதல் படி: 4 x 4 = 16. இரண்டு போக 14.

இரண்டாம் படி: 14 x 14 = 196. இரண்டு போக 194. அதை 31-ஆல் வகுத்தால் மீதி 8.

மூன்றாம் படி: 8 x 8 = 64. இரண்டு போக 62. அதை 31-ஆல் வகுத்தால் மீதி பூஜ்யம்!

31 பகா எண் என்பது உறுதி. எந்த எண்ணாலும் வகுத்துப் பார்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

39 இலக்க எண்ணுக்கு இந்த வழியில் 125 படி போதும். 40,000 கோடி ஆண்டு எங்கே, 125 படி எங்கே! ஆனால் ஒவ்வொரு படியிலும் 39 இலக்க எண்ணை 39 இலக்க எண்ணால் பெருக்கி, மறுபடி 39 இலக்க எண்ணால் வகுக்கவேண்டும். ஓர் இலக்கம் பிசகினாலும் எல்லாம் பாழ். லூக்கா சளைக்கவில்லை. 1876-ல் கணக்கு முடிந்தது. மெர்சேன் பட்டியலில் இருந்த 127 சரிதான் என்று தெரிந்தது. பின்னர் வந்த அறிஞர்களும் அதைச் சரிபார்த்து ஒப்புக்கொண்டார்கள்.

அவருடைய முடிவு பரிதாபமானது. 1891-ம் ஆண்டில் ஒரு விருந்தில் பணியாள் ஒருவர் கைதவறித் தட்டுகளைக் கீழே போட்டுவிட்டார். உடைந்த சில்லு ஒன்று தெறித்து லூக்காவின் கன்னத்தில் பாய்ந்தது. அந்தக் காயத்தில் நஞ்சு ஏறிச் சில நாட்களில் அவர் இறந்துபோனார். அப்போது அவருக்கு வயது 49.

எண்ணின் குணங்கள்

இந்த எண்ணுக்குச் சில விசேஷ குணங்கள் உண்டு.

ஒன்று: 1876 முதல் 1951 வரை, 75 ஆண்டுக்காலம், உலகம் அறிந்த பகா எண்களில் இதுதான் பெரியது. இயந்திர உதவி இல்லாமல் மனிதன் கண்டுபிடித்த பகா எண்களில் இதைவிடப் பெரியது இல்லை.

இரண்டு: 1951-ல் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரில் கம்ப்யூட்டரைக் கொண்டு 79 இலக்கமுள்ள பகா எண் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அதை எப்படி அமைத்தார்கள் தெரியுமா? லூக்காவின் எண்ணை அதே எண்ணால் பெருக்கி, 180-ஆல் பெருக்கி, ஒன்றைக் கூட்டினார்கள். பழைய வெற்றி வீரன் தோள்மேல் புதிய வீரன் ஏறி நின்றான்!

மூன்று: 6 என்ற எண்ணை 1, 2, 3 ஆகியவற்றால் வகுக்கலாம். அவற்றைக் கூட்டினாலும் 6. இப்படி வருவதை "நிறைவு எண்" என்பார்கள். 28-ம் நிறைவு எண். 1, 2, 4, 7, 14 ஆகியவற்றைக் கூட்டிப் பாருங்கள். கோபுர எண் பகா எண்ணாக இருந்தால், அதிலிருந்து ஒரு நிறைவு எண் கட்டாயம் பிறக்கும். 3-ஐ 2-ஆல் பெருக்கினால் 6. 7-ஐ 4-ஆல் பெருக்கினால் 28. 31-ஐ 16-ஆல் பெருக்கினால் 496. 127-ஐ 64-ஆல் பெருக்கினால் 8,128. லூக்காவின் எண்ணிலிருந்து பிறக்கும் நிறைவு எண்ணுக்கு 77 இலக்கம்.

நான்கு: இது ஒரு வம்சாவளி. இரண்டு தட்டு என்றால் 3. மூன்று தட்டு என்றால் 7. ஏழு தட்டு என்றால் 127. 127 தட்டு என்றால் லூக்காவின் எண். எல்லாமே பகா எண்கள்! அத்தனை தட்டு வைத்தால் வரும் அடுத்த வாரிசும் பகா எண்தானா? இன்று வரை எவருக்கும் தெரியாது. அந்த எண்ணை எழுத உலகத்துக் காகிதம் எல்லாம் சேர்ந்தாலும் போதாது.

பேசாமல் நடந்த கூட்டம்

மெர்சேன் பட்டியலில் 127-க்கு முன்னால் 67 இருந்தது. 67 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 147,573,952,589,676,412,927 வரும். இதையும் லூக்கா 1876-ல் சோதித்தார். இது பகா எண் அல்ல என்று கண்டார். பெரிய துறவி சொன்னது தவறு! ஆனால், எந்த எண்களைப் பெருக்கினால் இது வருகிறது என்று லூக்காவால் சொல்ல முடியவில்லை. பங்கு உண்டு என்று தெரியும். பங்கு எது என்று தெரியாது.

27 ஆண்டுக்குப் பின், 1903 அக்டோபரில், நியூயார்க் நகரில் கணித அறிஞர்கள் கூட்டம் ஒன்று நடந்தது. பிராங்க் நெல்சன் கோல் என்ற பேராசிரியர் மேடைக்கு வந்தார். வாய் திறக்கவில்லை. கரும்பலகையில் 67 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்து எழுதினார். பக்கத்தில் 193,707,721 என்றும் 761,838,257,287 என்றும் எழுதி இரண்டையும் பெருக்கினார். இரண்டு பக்கமும் ஒரே விடை வந்தது. ஒரு வார்த்தை பேசாமல் போய்த் தம் இடத்தில் உட்கார்ந்தார். கூட்டமே எழுந்து கை தட்டியதாகச் சொல்லுகிறார்கள்.

இதைக் கண்டுபிடிக்க எவ்வளவு காலம் ஆயிற்று என்று பின்னர் ஒருவர் கேட்டாராம். மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின என்று கோல் பதில் சொன்னாராம்!

பட்டியலின் கடைசியில் இருந்த 257-ம் தவறு என்று 1920-களில் தெரிந்தது. மெர்சேன் விட்டுவிட்ட எண்களும் உண்டு. 61 அதில் ஒன்று. அதை 1883-ல் கண்டவர் பெர்வூஷின், ருஷ்ய நாட்டின் ஒரு கிராமத்துப் பாதிரியார். 89, 107 ஆகியவற்றையும் மெர்சேன் விட்டிருந்தார். அவற்றை 1911-லும் 1914-லும் கண்டவர் பவர்ஸ், அமெரிக்க ரயில்வேயில் வேலை பார்த்தவர்.

ஆக, பட்டியலில் ஐந்து பிழைகள். 1644-ல் போட்ட பட்டியலை முழுவதும் சோதித்து முடித்தது 1947-ல்தான்! ஊர் உலகம் மதித்த அறிஞரின் பிழையைத் திருத்தியவர்களில் கிராமத்துப் பாதிரியாரும் ரயில்வே ஊழியரும் இருந்தார்கள். எண்ணுக்கு ஆள் முக்கியம் இல்லை, ஆதாரம்தான் முக்கியம்.

இராமானுசனுக்கும் சறுக்கல்

கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுசன் 1913-ம் ஆண்டில் சென்னையிலிருந்து கேம்பிரிட்ஜ் கணித மேதை ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அதில் கண்ட பல முடிவுகள் உலகை வியக்க வைத்தன. ஆனால் பகா எண்கள் எத்தனை என்று கணக்கிட இராமானுசன் சொன்ன வழி சரியாக இல்லை என்று ஹார்டி கண்டார். இராமானுசன் போன்ற மேதைக்கும் பகா எண்கள் தண்ணீர் காட்டிவிட்டன.

அதனால் அவர் சோர்ந்துவிடவில்லை. எந்த எண்ணுக்கும் அதன் இரு மடங்குக்கும் நடுவே ஒரு பகா எண்ணாவது இருக்கும் என்பது முன்பே தெரிந்த உண்மை. 10-க்கும் 20-க்கும் நடுவே 11, 13, 17, 19 இருக்கின்றன. இதற்கு 1919-ம் ஆண்டில் இராமானுசன் மிகச் சுருக்கமான நிரூபணம் ஒன்றை எழுதினார். இம்முறை எவராலும் குறை காண முடியவில்லை.

கான்பூர் தந்த வெற்றி

லூக்காவின் சோதனைக்கு ஒரு குறை உண்டு. அது கோபுர எண்களுக்கு மட்டுமே செல்லும். வேறு எண்களுக்கு என்ன செய்வது?

சில விரைவான சோதனைகள் இருந்தன. ஆனால் அவற்றை ஏமாற்றும் போலிகளும் இருந்தன. 341 ஒரு போலி. ஒரு பழைய சோதனையில் அது பகா எண் போலவே நடிக்கும். உண்மையில் அது 11-ஐ 31-ஆல் பெருக்கி வருவது. போலிக்கு ஏமாறாமல், ஊகத்தை நம்பாமல், எந்த எண்ணானாலும் நியாயமான நேரத்தில் உறுதியாகச் சொல்லும் சோதனை உண்டா? உலக அறிஞர்கள் நெடுங்காலம் தேடினார்கள்.

2002-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் விடை வந்தது. வந்த இடம் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகம். கண்டவர்கள் பேராசிரியர் மணீந்திர அகர்வாலும், அவருடைய மாணவர்கள் நீரஜ் கயாலும் நிதின் சக்சேனாவும். மாணவர்கள் இருவரும் அப்போதுதான் பட்டப் படிப்பை முடித்திருந்தார்கள்!

அவர்கள் சோதனையின் சிறப்பு என்ன? வகுத்துப் பார்க்கும் முறையில், எண்ணில் இரண்டு இலக்கம் கூடினாலே வேலை பத்து மடங்காகும். கான்பூர் முறையில் இலக்கங்கள் இரு மடங்கானாலும் வேலை ஒரு குறிப்பிட்ட மடங்குதான் கூடும்; கைமீறிப் போகாது. அன்றாட வேலைக்கு இதைவிட வேகமான முறைகளும் இருக்கின்றன. ஆனால் இப்படி ஒரு சோதனை உண்டு என்று முதலில் நிலைநாட்டியவர்கள் இவர்களே. 2006-ம் ஆண்டில் இதற்காக அவர்களுக்குக் கோடல் பரிசு கிடைத்தது.

பணத்துக்குக் காவல்

இதனால் எல்லாம் வீட்டுக்கு என்ன லாபம் என்று கேட்கலாம்.

வங்கிக் கணக்கை இணையத்தில் பார்க்கும்போது கடவுச் சொல் கம்பி வழியாகவும் காற்று வழியாகவும் போகிறது. நடுவில் எவனாவது ஒட்டுக்கேட்டால்? அவனுக்குப் புரியாதபடி அதைப் பூட்டி அனுப்புகிறார்கள். அந்தப் பூட்டுகளில் ஒரு வகையைச் செய்வது பகா எண்களைக் கொண்டுதான். 1977-ம் ஆண்டில் அமெரிக்காவில் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் என்ற மூவர் அதை வகுத்தார்கள்.

நூற்றுக்கணக்கான இலக்கமுள்ள இரண்டு பகா எண்களை இரகசியமாக எடுத்துக்கொள்ளுவார்கள். இரண்டையும் பெருக்கி, வந்த விடையை ஊருக்கே தெரியும்படி வைப்பார்கள். அந்த விடையைக் கொண்டு எவரும் பூட்டலாம். திறக்கவேண்டுமானால் உள்ளே இருக்கும் இரண்டு பகா எண்களும் தெரியவேண்டும்.

கோல் 21 இலக்க எண்ணை உடைக்க மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின அல்லவா? அதே கஷ்டம்தான் திருடனுக்கும். பெருக்குவது சுலபம், பெருக்கியதைப் பிரிப்பது கடினம். லூக்கா 1876-ல் கண்ட வேடிக்கை, பங்கு உண்டு என்று தெரிந்தும் பங்கு எது என்று தெரியாத வேடிக்கை, இன்று பணத்துக்குக் காவல் நிற்கிறது.

லூக்காவின் எண்ணைப் பூட்டுக்குள் இரகசியமாக வைக்க முடியாது. அது உலகத்துக்கே தெரிந்துவிட்டதே!

கடைசிப் பகா எண் எது?

அப்படி ஒன்று கிடையாது. இதை 2,300 ஆண்டுக்கு முன்பே கிரேக்க அறிஞர் யூக்ளிட் காட்டிவிட்டார். இருக்கிற பகா எண்களை எல்லாம் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள். வரும் எண்ணை அந்தப் பகா எண்களில் எதனால் வகுத்தாலும் ஒன்று மிஞ்சும். ஆகவே பட்டியலில் இல்லாத புதிய பகா எண் ஒன்று வெளியே இருந்தே ஆகவேண்டும்.

2024 அக்டோபரில் அமெரிக்கர் லூக் டுரான்ட் கண்டுபிடித்த பகா எண்ணுக்கு 4,10,24,320 இலக்கம். அதுவும் கோபுர எண்தான். 13,62,79,841 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் அது வரும். நொடிக்கு ஓர் இலக்கம் வீதம் இரவு பகல் ஓயாமல் படித்தாலும், படித்து முடிக்க 475 நாள் ஆகும்! அது பகா எண் என்று உறுதி செய்ததும் லூக்கா தொடங்கி வைத்த அதே சோதனைதான்.

வீட்டில் போட்டுப் பார்க்க

மெர்சேன் சொன்னார் என்று நம்பியவர்கள் ஏமாந்தார்கள். ஆகவே இங்கே எழுதியிருப்பதையும் அப்படியே நம்பவேண்டாம்; சோதித்துப் பாருங்கள். 127 பகா எண்தானா? அது ஏழு தட்டு எண். ஆகவே ஐந்து படி. 4-ல் தொடங்குங்கள். ஒவ்வொரு படியிலும் அதை அதனாலேயே பெருக்கி 2-ஐக் கழித்து, 127-ஆல் வகுத்து மீதியை எடுத்துக்கொள்ளுங்கள்.

வரவேண்டிய மீதிகள்: 14, 67, 42, 111, கடைசியில் பூஜ்யம்.

அடுத்து 2,047-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒன்பது படி. கடைசியில் பூஜ்யம் வராது; 1,736 வரும். வேறு எது வந்தாலும் எங்கேயோ கணக்குப் பிசகிவிட்டது என்று அர்த்தம்.